பவுன்தாய் அக்காவின் புடவு

மழைக்கு உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு பவுன்தாய் அக்கா பாறை வாயிலில் குத்தவைத்திருந்தார். பக்கத்தில், வீங்கிய கணுக்காலோடு நான். எங்களுக்கு முன்னால், ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓர் இருட்டு. காலையில் அதற்குள் நான்கு பேர் போயிருந்தார்கள். மழை பிடித்து வெகுநேரம் ஆகியும் ஒருவரும் வெளியே வரவில்லை.

காலையில் அந்த இருட்டுக்குள் ஓர் ஓடை பாதம் நனைகிற அளவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது முழங்காலுக்கு ஏறி, செம்மண் கரைசலாக, காய்ந்த ஏலத்தட்டைகளையும் சருகையும் இழுத்துக்கொண்டு போனது. உள்ளே எங்கோ அது விழுகிற சத்தம் கேட்டது.

"வந்துருவாகள்ல?" என்று அக்கா ஒரே ஒரு தடவை கேட்டார். வந்துவிடுவார்கள் என்றேன். நான் சொன்னதை நானும் நம்பவில்லை, அவரும் நம்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன ஆனது என்று சொல்வதற்கு முன், நல்ல குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட ஒரு மருந்துக்கடைக்காரி அங்கே போய் எதற்காக உட்கார்ந்திருந்தாள் என்று சொல்லியாக வேண்டும். என் மாமியார் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது.

சும்மாதான் போறோம்

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். போடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. அன்றைக்கு மற்ற வீடுகளில் அழுக்குத் துணி துவைப்பார்கள். நான் துணியை அழுக்காக்கக் கிளம்புவேன்.

எங்கள் மலையில் யானை யானையாகப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கும். அவற்றுக்கு அடியில் சில இடங்களில் வழி இருக்கும். அதைப் புடவு என்போம். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அதற்குள் ஊர்ந்து போய், எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டு வருவதுதான் எங்கள் பொழுதுபோக்கு. என்னோடு சேர்த்து ஐந்து பேர். குமரேசன் எங்கள் தலைவர். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பதால், நடக்காத ஆபத்துகளைப் பற்றி எப்போதும் பேசிக்கொண்டிருப்பார்.

புடவுக்குள் போவது பெரிய வித்தை இல்லை. அந்தப் புடவு இருக்கிற நிலத்துக்குள் போவதுதான் வித்தை. போன வாரம் கயிறுகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, இதற்கு மிகவும் தேவையான சாமான் எது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வாய்தான். நிலத்துக்காரரிடம் நல்லபடியாக நாலு வார்த்தை பேசத் தெரியாதவனுக்கு எவ்வளவு நீளக் கயிறு இருந்தும் பயனில்லை.

சிலமலைப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்காரர் இருந்தார். சிரித்த முகமாக எங்களை உள்ளே விட்டார். வெளியே வந்தபோது தோப்பு வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, பைகளைத் திறந்து காட்டச் சொன்னார். புதையலைத் தேடித்தான் வந்திருக்கிறோம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சும்மாதான் போனோம் என்று சொன்னதும் முகம் சிறுத்துவிட்டது. சும்மா ஒருவன் இதற்குள் போவானா, என்னை என்ன மடையன் என்று நினைத்தாயா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். என் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்கிறார்.

அடுத்த முறை அவர் கேட்பதற்கு முன்னாலேயே எல்லாப் பைகளையும் கட்டிலில் கொட்டிவிட்டோம். என் பையிலிருந்து சேறு அப்பிய எலுமிச்சைச் சாதமும் ஒற்றைச் செருப்பும் விழுந்தன. அவர் மனைவி சிரித்த சிரிப்பில் சந்தேகம் எல்லாம் போய்விட்டது. இப்போதெல்லாம் மாங்காய்க் காலத்தில் எங்கள் பை திரும்பும்போதுதான் கனமாக இருக்கும்.

ராசிங்காபுரத்தில் ஒருவர் எங்களைப் புடவுக்காரர்களாகவே ஏற்றுக்கொள்ளவில்லை. முதல் நாள் நாங்கள் போன நேரம், அவருடைய ஆட்டுக்குட்டி ஒன்று பொந்துக்குள் விழுந்து கத்திக்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தோம். அன்றிலிருந்து ஆடு எடுக்கிறவர்கள் என்பதுதான் அவர் வீட்டில் எங்களுக்குப் பெயர். எந்த ஆட்டைத் தேடி வந்தோம் என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

இப்படி ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு வாசல், ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு மரியாதை. காய் எடுக்கிற நாளில் ஜீப்பு போகும் வழியில் வண்டியை நிறுத்தக் கூடாது. திறந்து கிடந்த கேட்டைச் சாத்தக் கூடாது, சாத்திக் கிடந்ததைத் திறந்து போட்டுவிட்டும் வரக் கூடாது. இடத்தின் பெயரைப் போட்டுப் படம் வெளியிட்டால் மறுவாரமே பைக்கில் கூட்டம் வந்து இறங்கிவிடும், அதனால் போன் பைக்குள்ளேயே இருக்க வேண்டும். எல்லாம் குமரேசன் வகுத்தவை. கொடுத்த காப்பியை வேண்டாம் என்று சொல்வது அவர் கணக்கில் பெருங்குற்றம். மரியாதை விஷயத்தில் அவர் கொஞ்சம் முற்றிய கேஸ்தான்.

சமையற்கட்டு வாசல்

பவுன்தாய் அக்கா என் கடைக்கு முழங்கால் வலித் தைலம் வாங்க வருவார். மலை மெட்டைத் தாண்டி, மலையாளப் பக்கச் சரிவில் அவருக்குச் சிறிய ஏலக்காய்த் தோட்டம். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் சென்னையில் இருந்துகொண்டு, தோட்டத்தை விற்றுவிட்டு வா என்று வாரம் தவறாமல் போன் செய்வாள். அக்கா அசையவில்லை. மலையில் வெகுகாலம் இருந்ததால் அவர் பேச்சில் அங்கங்கே மலையாள வாடை அடிக்கும். பிடித்துவிட்டால் என்னை மோளே என்பார், பிடிக்காவிட்டால் மருந்துக்கடைக்காரி என்பார்.

தன் தோட்டத்தில் ஓடைத் தண்ணீர் ஒரு புடவுக்குள் போய் மறைகிறது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அந்த ஞாயிறே நாங்கள் வாசலில் நின்றோம்.

புதையலைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். உள்ளே போகும் முன் சமையற்கட்டு வாசலில் வந்து போயிட்டு வர்றோம் என்று சொல்ல வேண்டும். வெளியே வந்தால், முகம் கழுவுவதற்கு முன்னால், ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால், அதே வாசலில் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். விரலை நீட்டித் தலைகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் அவருக்கு முகம் மலரும். அதற்கப்புறம் பால் விடாத கட்டன் சாயா வரும். காயெல்லாம் போடிக்கு ஏலம் போடப் போய்விடும் என்பதால் சாயாவில் ஏலக்காய்த் தொலிதான் கிடக்கும். காய் போட்ட டீயை எல்லாம் விட அதுவே எனக்குப் பிடித்தது.

அவருக்குக் கீழே உள்ள சரிவு சன்னாசி என்பவருடையது. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எல்லையில் நின்ற ஒரு மரத்தின் கிளைகளைச் சன்னாசி ஒரு வெயில் காலத்தில் கழித்துவிட்டார். ஏலச் செடிக்கு நிழல்தான் உயிர். அந்த வருடம் அக்காவின் கடைசி வரிசைச் செடிகள் எல்லாம் வெயிலில் வெந்து போயின. என் வாசல் பக்கம் தலைவைத்தும் படுக்காதே என்று அக்கா சொன்னார். அவரும் அப்படியே இருந்துவிட்டார்.

குமரேசன் இதைக் கேள்விப்பட்டு, சன்னாசியின் வேலி ஓரமாகக்கூட நாங்கள் நடக்கக் கூடாது என்று விதி செய்தார். அவருக்கு யார் மனமும் கோணக் கூடாது.

மழை

ஐப்பசி மழையில் புடவுக்குள் போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அன்றைக்கு வானம் வெளுத்துக் கிடந்ததால் போனார்கள். கடையில் ஏணியிலிருந்து இறங்கும்போது கால் பிசகிவிட்டதால் என்னை மட்டும் அக்காவோடு உட்காரவைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே போகாமல் வெளியே காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அக்காவுக்கு ஒவ்வொரு முறையும் தெரிந்திருக்கிறது.

மதியத்துக்கு மேல் எங்கிருந்தோ கருத்துக்கொண்டு வந்து கொட்டியது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டுப் புடவுக்கு ஓடினார். நான் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு பின்னால் போனேன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு, ஜீப்பில் லோடு கட்டும் கயிற்றைக் கொண்டா என்றார். அவர்கள் கயிற்றோடு தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்தார்கள். வாயைத் தாண்டியதுமே இடுப்பளவுத் தண்ணீர் அவர்களைச் சுழற்றியது. திரும்பி ஏறிவிட்டார்கள். போனுக்கு அந்தச் சரிவில் சிக்னல் கிடையாது.

அப்படித்தான் நாங்கள் அந்த வாயிலில் உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் மங்க ஆரம்பித்தபோது அக்கா எழுந்து, சேலையை இழுத்துச் செருகி, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஓடையில் கால் வைத்தார். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். விடு என்றார். விட மாட்டேன் என்றேன். இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டோம்.

"எங்கிட்டச் சொல்லிட்டுல்ல போனாக," என்றார் அக்கா. "நான் சரின்னு சொன்னேன்ல."

அப்போது கேட் பக்கம் நாய் குரைத்தது.

கேட்டுக்கு வெளியே

நான்தான் நொண்டிக்கொண்டு போனேன். கேட்டுக்கு வெளியே சன்னாசி நின்றுகொண்டிருந்தார். குடை இல்லை. கால் முழுக்க அட்டை கடித்து ரத்தம் ஒழுகியது. வெகுநேரமாகக் கூப்பிட்டிருக்கிறார், மழைச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. கேட் பூட்டியிருக்கவில்லை. ஆனாலும் அவர் உள்ளே வரவில்லை.

"மதினிகிட்டச் சொல்லு தாயி," என்றார். பேச்சு நின்று போனாலும் அக்கா அவருக்கு மதினிதான். "நாலு பேரும் எங்க வீட்ல இருக்காக. நல்லா இருக்காக."

நான் அங்கேயே கம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சொல்வதற்கு வெட்கமாக இல்லை.

நடந்தது இதுதான். தண்ணீர் ஏறியதும் நான்கு பேரும் உள்ளே மேட்டுப் பாறைகளைப் பிடித்துத் தொத்திக்கொண்டு கீழ்ப்பக்கமாக நகர்ந்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் வெளிச்சம் தெரிந்திருக்கிறது. முண்டியடித்து வெளியே வந்தால், சன்னாசியின் நிலம். புடவுக்கு இன்னொரு வாய் இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது.

உயிர் பிழைத்து வந்த மனிதர் நேரே மேலே ஓடி வந்திருக்க வேண்டாமா? குமரேசனுக்கு முதலில் தோன்றியது, அனுமதி இல்லாமல் அடுத்தவர் நிலத்தில் கால் வைத்துவிட்டோமே என்பதுதான். வீட்டைத் தேடிப் போய்ச் சன்னாசியிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவர் பதறிப்போய் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார்கள். அவர் மனைவி துண்டு கொடுத்து, காப்பிக்கு அடுப்பில் தண்ணீர் வைத்தார். வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டார் மனம் நோகுமே. அதனால் காப்பியும் குடித்தார்கள். காப்பிக்கு அப்புறம் பணியாரம் வந்திருக்கிறது. வேறு எவனும் செய்யாத தப்பு அது. மரியாதை கெட்டவனாக இருந்திருந்தால் வாசலில் நின்று நன்றி சொல்லிவிட்டு ஓடி வந்திருப்பான்.

பேச்சோடு பேச்சாக, மேலே பவுன்தாய் அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தோம் என்று ஒருவர் சொன்னதும் சன்னாசி தம்ளரைக் கீழே வைத்துவிட்டாராம். ஜீப்பு டிரைவரை எழுப்பி இவர்களை ரோட்டு வழியாகக் கூட்டிவரச் சொல்லிவிட்டு, சுற்றி வந்தால் நேரமாகும் என்று அவர் மட்டும் ஏலச் செடிகளுக்குள் புகுந்து நேரே ஏறி வந்துவிட்டார்.

ஜீப்பில் வந்து இறங்கியவர்கள் முகத்தில் ஒரே சந்தோஷம். புது வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் அல்லவா. சமையற்கட்டு வாசலில் வந்து நின்று, வந்துட்டோம்க்கா என்றார் குமரேசன். அக்கா விரலை நீட்டி எண்ணினார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"அடுத்த வீட்டுக்காரன் மனசு கோணக் கூடாதுன்னு அங்க ஒக்காந்து காப்பி குடிச்சிருக்கீக," என்றார். குரல் உயரவே இல்லை. "நான் இங்க ஒக்காந்து, ஒங்க பொண்டாட்டி புள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லன்னு ரோசன பண்ணிக்கிட்டு இருந்தேன். இனிமே வராதீக."

கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்குச் சாயா இல்லை.

முள்

மறுவாரம் புடவு வாயில் முள் வெட்டிப் போட்டிருந்தது. கேட்டில் சங்கிலி. குமரேசன் பழமும் பூவும் வெற்றிலையும் தட்டில் வைத்துக்கொண்டு பெண் கேட்கப் போகிறவர் மாதிரி போய் நின்றார். தட்டு கேட்டுக்கு வெளியே வைத்தபடியே இருக்க, வழியில் போன மாடு வெற்றிலை வரைக்கும் தின்றுவிட்டுப் போனது. எங்களுக்கு அந்தப் புடவு போனது. எனக்கு அதைவிடப் பெரிது, அக்கா என் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். வேறு கடையில் தைலம் வாங்குகிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வந்த ஆத்திரமும் துக்கமும் கொஞ்சநஞ்சம் அல்ல. ஒரு தைலத்துக்காக யாராவது அழுவார்களா என்று வீட்டில் கேட்டார்கள்.

தை பிறந்து, ஓடையில் தண்ணீர் வற்றிய பிறகு, ஏலத்துக்குக் காய் கொண்டுவந்த ஒரு நாளில் கடைக்கு முன்னால் வந்து நின்றார். மற்ற வாடிக்கையாளர்கள் போகட்டும் என்று காத்திருந்தார். நான் தைலத்தை எடுத்து வைத்தேன். அதை அவர் தொடவில்லை.

உள்ளே போவதற்கு எந்த மாதிரித் துணி உடுத்த வேண்டும் என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. யாருக்கு என்று கேட்டேன்.

"எனக்குத்தான். எம்புட்டு வருசமா அங்க இருக்கேன். எம் பூமிக்கு அடியில என்ன இருக்குன்னு நான் பாக்க வேணாமா? வெளிய ஒக்காந்து ஒக்காந்து எனக்கு அலுத்துப்போச்சு."

உள்ளே

மகளுடைய பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு, முழங்காலில் துணி சுற்றி, தலையில் என் விளக்கோடு அக்கா உள்ளே வந்தார். முள்ளை அவரே இழுத்துப் போட்டார். சமையற்கட்டு வாசலில் லயத்து ஆட்களிடம் அவரே சொல்லிக்கொண்டார். முன்னால் குமரேசன், பின்னால் நான். குனிந்தும் தவழ்ந்தும் போனோம். ஓரிடத்தில் பாறைக்கு அடியில் படுத்து நகர வேண்டியிருந்தது. கழுத்துவரை சேறு அப்பியும் அக்கா ஒரு முனகல்கூட விடவில்லை. குமரேசன் நூறு தடவை பார்த்து வாங்க பார்த்து வாங்க என்றதற்கு மட்டும், நான் பாத்துத்தான் வர்றேன், நீ ஒஞ்சோலியப் பாரு என்றார்.

நடுவில் ஓர் அறை மாதிரி இடம். கூரைப் பாறையில் நீர்த்துளிகள் விளக்கொளியில் மின்னின. அக்கா உட்கார்ந்து மேலே பார்த்தார். தன் செடிகள் அதற்கு மேலேதான் நிற்கின்றன என்பதை நம்ப முடியாமல், எந்த வரிசை, எந்த வரிசை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குள் குமரேசன் முன்னால் போயிருந்தார்.

"அன்னைக்கு ஒரு தலை கொறைஞ்சிருந்தாலும் நான் இங்க இருந்திருக்க மாட்டேன் மோளே," என்றார். "வித்துட்டு மக வீட்டுக்குப் போயிருப்பேன். போயிட்டு வர்றேன்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போக, எனக்கு வேற யாரு இருக்கா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் கையும் சேறு. அத்தனை வருடமும் அவர் எங்களை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறார் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். நாங்கள் திரும்பி வருவதைப் பார்க்கத்தான் ஞாயிறு ஞாயிறாக அவர் அடுப்பை மூட்டிவைத்திருந்தார் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

கீழ் வாயில் சன்னாசி காத்திருந்தார். குமரேசன் முதல் நாளே போய் அனுமதி கேட்டிருந்தார், கேட்காமல் இருப்பாரா. பாறை இடுக்கிலிருந்து அக்காவின் தலை வெளியே வந்ததும், கை கொடுக்கலாமா கூடாதா என்று சன்னாசி தயங்கினார். அக்கா கையை நீட்டினார். சன்னாசி இழுத்துத் தூக்கி நிறுத்தினார்.

அவர் வீட்டு வாசலில் வெந்நீர் தயாராக இருந்தது. அக்கா முகம் கழுவவில்லை. லயத்து ஆட்களில் ஒருவர் அங்கே நின்றார். வந்துவிட்டேன் என்று சொல்ல அவரை முதலில் மேலே அனுப்பினார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

சன்னாசி புடவு இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, தானும் ஒரு தடவை உள்ளே வரலாமா மதினி என்று கேட்டார்.

"வாய் ஒன் நெலத்துல இருக்கு," என்றார் அக்கா. "எங்கிட்ட எதுக்குக் கேக்குற?"

"கேக்கணும்ல."

அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தார். முகத்தில் சேறு காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது.

"ஞாயித்துக்கெழம வெள்ளன வா," என்றார். "எங்க கேட்டு வழியா வா."